ஒரே வண்டியில் இரண்டு பேர் அடுக்கினால்

விருத்தாசலம்
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள கயல் அப்பாவுக்கு,

அம்புஜம் எழுதுவது. நானும் கயலும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா, மோர்பி தண்ணீர் இப்போதாவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்தால் மனம் ஆறும். போனில் கேட்டால் "ம், பரவால்ல" என்கிறீர்கள். அறையில் இன்னும் ஐந்து பேர் இருக்கும்போது வேறு என்னதான் சொல்ல முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நான் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

கயலுக்குக் கல்லூரி திறந்துவிட்டது. காலையில் சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். உட்கார இடம் கிடைத்தால் அன்று முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. பின்பக்க மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். போன வாரம் மூடிக் கிடக்கும் நம் பீங்கான் யூனிட்டுக்குப் போய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை.

ஆர்டர் விஷயத்தை அறிவழகன் உங்களுக்கும் சொல்லியிருப்பார். எஸ்டேட் கூட்டமைப்புச் செயலாளர் ஆனதிலிருந்து அவர் அலைந்த அலைச்சலுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. வடக்கே இருக்கும் அந்த மின் கம்பெனி நம் எஸ்டேட்டில் செய்யும் மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. ஒரு யூனிட்டால் ஆகாத அளவு என்பதால் எல்லோரும் பிரித்துச் செய்து, பொதுச் சூளையில் சுட்டு, கூட்டமைப்பின் பேரில் அனுப்ப வேண்டும். முதல் தவணை அவர்களுடைய ஆய்வில் தேறிவிட்டால், இரண்டாவது தவணையில் மூடிக் கிடக்கும் யூனிட்டுகளுக்கும் பங்கு உண்டு. "அதுல மொதப் பேரு நடராசன் அண்ணன் பேருதான் அண்ணி, எழுதியே வச்சிட்டேன்" என்றார். நீங்களும் அங்கே டைல்ஸ் பேக்டரி சூப்பர்வைசரிடம் வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கம்பெனி ஒரு புது நிபந்தனை போட்டிருக்கிறது. சரக்கை மட்டும் அனுப்பினால் போதாது. ஒவ்வொரு தொகுப்பும் சூளையில் எவ்வளவு வெப்பத்தில் வெந்தது, சோதனை அறையில் என்ன முடிவு வந்தது என்ற இரண்டும் தொகுப்பு எண்ணோடு கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். கையால் எழுதியது செல்லாது. அதற்காகச் சூளைக் கொட்டகையில் ஒரு சர்வர், சோதனை அறையில் ஒரு சர்வர், ஆபீஸில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கியிருக்கிறோம். பெட்டி நிறைய டிஸ்க்குகள். இரண்டு சர்வர்களும் அதில்தான் எழுதும், அதிலிருந்துதான் படிக்கும். கூட்டமைப்பின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் பொறுப்பு என்பதால் இதுவும் என் தலையில்.

பெட்டியும் சர்வர்களும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் புரோட்டோகால் என்பார்கள். நம் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று என்.எஃப்.எஸ்., இன்னொன்று ஐஸ்கஸி. பேரைப் பார்த்து மிரள வேண்டாம். சூளையை வைத்துச் சொன்னால் உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும்.

பொதுச் சூளையில் யாரும் தன் சரக்கைச் சூளைக்குள் போகும் வண்டியில் தானே ஏற்றுவதில்லை. மஞ்சள் கோடு வரை பலகையில் கொண்டுவந்து வைக்கிறோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் சூளை ஆட்கள்தான் அடுக்குகிறார்கள். எந்தத் தட்டில் யாருடையது, எங்கே காலி என்ற கணக்கு அவர்களிடம் மட்டும் இருக்கும். என்.எஃப்.எஸ். அப்படித்தான். சர்வர் கோப்பைக் கொடுக்கும். எங்கே வைப்பது என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஐஸ்கஸி, சூளையில் ஒரு வண்டி முழுவதையும் ஒருவரே வாடகைக்குத் தனி வண்டியாக எடுப்பது மாதிரி. பெட்டியிலிருந்து ஒரு வெற்று டிஸ்க்கை அப்படியே சர்வரிடம் ஒப்படைத்துவிடும். அடுக்குவதும், காலி இடக் கணக்கு வைப்பதும் சர்வரின் பாடு. ஒரே சர்வர் இருந்தால் அது அருமையான ஏற்பாடு, வேகமும் அதிகம். நமக்கோ இரண்டு சர்வர்கள். ஒரே வண்டியை இரண்டு பேருக்கும் "இது உன் வண்டி" என்று கொடுத்தால் என்ன ஆகும்? இவர் காலி என்று நினைத்த தட்டில் அவர் ஏற்கெனவே வைத்திருப்பார். இவர் அதன்மேலேயே வைப்பார். இரண்டு சர்வர்களும் தங்களுக்குள் கேட்டுக்கேட்டு அடுக்கும்படி செய்ய ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதை நடத்த எனக்கும் தெரியாது, பெட்டி போட வந்த காண்ட்ராக்டர் பிரபாவுக்கும் தெரியாது.

இதையேதான் கமிட்டிக் கூட்டத்திலும் சொன்னேன். சூளையை உதாரணம் காட்டியதுதான் வம்பாகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பிரபா திரையில் இரண்டு வேகத்தையும் ஓட்டிக் காட்டினார். ஐஸ்கஸி பாய்ந்தது. பச்சமுத்து மாமா எழுந்து நின்றுவிட்டார். "அம்மாடி, சுத்தி வளைக்காத. தனி வண்டி வேணுமா, கோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கணுமா, அதான கேள்வி? நாப்பது வருஷமா நின்னாச்சி. இப்பத்தான் ஒருத்தன் தனி வண்டி தரேங்குறான், அத வேணாங்குறியே" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். "தனி வண்டிதான் மாமா, ஆனா ஒரே வண்டிய ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுக்குறாங்க" என்றேன். "அதெல்லாம் கம்ப்யூட்டரு பாத்துக்கும், நீ ஏன் சூளக்காரனாட்டம் பயப்படுற?" என்று ஒருவர் சொல்ல, ஒரே சிரிப்பு.

தனி வண்டி எடுப்பவருக்கு நம் எஸ்டேட்டில் இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதன்முதலில் எடுத்த அன்று அல்வா வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அந்த ஆசை அவர்கள் மனதில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். டிஸ்க்கைப் பற்றிச் சொன்னதை அவர்கள் கௌரவத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐஸ்கஸி என்றே முடிவாகிவிட்டது. என் மறுப்பை எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அறிவழகன், சோதனை ஓட்டம் முடிந்து நான் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியை ஏற்பது என்று ஒரு வரி சேர்த்தார். கம்பெனிக்குப் போகும் பதிவுகளிலும் என் கையெழுத்துதான். என் வாயை அடைக்கத்தான் சேர்த்தார் என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்த வரி இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சூளைப் பக்கத்திலிருந்து வந்தவுடன் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அம்புஜம்


விருத்தாசலம்
ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்புள்ள கயல் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தது தப்புதான். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கயல் பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால் என் குரல் உடைவதில் எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்கு விஷயத்தைச் சொன்னது அறிவழகன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை.

பெட்டி வந்த முதல் நாளிலிருந்தே ஒரு கோளாறு இருந்தது. சூளைச் சர்வர் எழுதிய பதிவு சோதனை அறைச் சர்வரில் தெரியாது. அதை அணைத்துப் போட்டால் தெரியும். பிரபாவைக் கேட்டால், "சின்ன விஷயங்க மேடம், டெய்லி காலைல ஒரு தபா ரீஸ்டார்ட் பண்ணிடுங்க" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. காலையில் விளக்கேற்றுவது மாதிரி சர்வரை அணைத்துப் போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அணைத்துப் போட்டால்தான் தெரிகிறது என்றால், அதுவரை அந்தச் சர்வர் பழைய கணக்கை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? அறிவழகனிடம் சொன்னேன். "ஓடுதுல்ல அண்ணி, ஓடுறத ஏன் நோண்டுறீங்க" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்குக் கொடுக்க வேண்டிய பதிவுகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 124-ஆம் தொகுப்புக்குச் சூளை எழுதிய பதிவைத் திறந்தால் உள்ளே 131-இன் சோதனை முடிவு இருந்தது. அடுத்ததைத் திறந்தேன், சரியாக இருந்தது. அதற்கடுத்தது திறக்கவே இல்லை. இன்னொன்றில் பாதி வரை ஒரு தொகுப்பின் வெப்பநிலை, அதற்குக் கீழே வேறொரு தொகுப்புடையது. எண்கள் எல்லாம் எண்கள் போலத்தான் இருக்கின்றன. தெரியாதவர் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அறிவழகனையும் பிரபாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் பேசவில்லை. அவர்களையே செய்யச் சொன்னேன். சோதனை அறைச் சர்வரில் பிரபா ஒரு கோப்பை எழுதினார். சூளைச் சர்வரில் அது தெரியவில்லை. அங்கே நான் சில கோப்புகளை எழுதினேன். இரண்டையும் அணைத்துப் போட்டோம். பிரபா தான் எழுதியதைத் திறந்தார். அதற்குள் நான் எழுதியது இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இதற்கு முன் போட்ட இடங்களில் எல்லாம் ஒரே சர்வர்தானாம். அங்கே நன்றாக ஓடுகிறது.

நகல் எடுத்து வைத்தோமே என்று அறிவழகன் கேட்டார். நகலும் அதே டிஸ்க்கிலிருந்து எடுத்ததுதான். கெட்டுப்போனது கெட்டுப்போனபடியே நகலாகியிருக்கிறது. சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ பழைய வெப்பநிலைகளைத் தானாகவே அழித்துக்கொண்டு போகும். ஆகவே முதல் தவணையின் எந்தப் பதிவையும் நம்ப முடியாது. நல்லதாகத் தெரிகிறதே, அதையும் நம்ப முடியாது.

அறிவழகன் திரையில் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். பிறகு, "அண்ணி, எல்லாம் ஒரே மண்ணு, ஒரே நெருப்பு. நல்லா இருக்கிற பதிவ எடுத்து நம்பர மட்டும் மாத்திப் போட்டுருவோம். சரக்கு நல்ல சரக்கு. நாம பொய்யா சொல்றோம்?" என்றார். அவர் கண்களில் தண்ணீர் நின்றது. இந்த ஆர்டருக்காக வீட்டில் இருந்த எல்லாவற்றையும் பணயம் வைத்தவர். நான் முடியாது என்றேன். ஆய்வுக்காரர்களைத் தள்ளி வரச் சொல்லிவிட்டு, தொகுப்புக்குத் தொகுப்பு மாதிரி எடுத்து மறுபடி சோதிப்போம் என்றேன். தள்ளினால் அவர்கள் வேறு எஸ்டேட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள் என்றார். இருக்கலாம் என்றேன். அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார்.

நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நம்ம சூள எனக்குத் தெரியாதா? அதுல வெந்தது வேகாமப் போவாது. போட்டுடு அம்புஜம். என் எடத்துக்கு இங்க ஆள் பாத்துக்கிட்டு இருக்கான்." அதுவரை நீங்கள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். சரக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் என் கையெழுத்து சரக்கு நல்லது என்று சொல்வதில்லை. இந்தத் தாளில் இருப்பது இந்தச் சரக்கினுடையது என்று சொல்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. எங்கோ ஓர் ஊரில் கம்பத்தின்மேல் ஏறி ஒருவன் இந்த இன்சுலேட்டரின் பக்கத்தில் கை வைப்பான். அவனுக்கு நம் சூளையைத் தெரியாது. உங்களையும் தெரியாது. அந்தத் தாளை நம்பித்தான் ஏறுவான்.

எஸ்டேட்டில் செய்தி பரவிவிட்டது. பீங்கானுக்குக் கிளேஸ் பூச்சுப் போடும் காசியம்மாள் என்னைப் பைப்படியிலேயே நிறுத்திக் கேட்டாள். அவள் வேலை செய்யும் யூனிட்டுக்கு இந்த ஆர்டரை விட்டால் வேறு வேலை இல்லை. "ஏம்மா அம்புஜம், உனக்கு மாசமானா சம்பளம் வருது. எங்களுக்கு?" என்றாள். பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் கேட்டாள். "புருஷன் வூட்டுக்கு வர்றது புடிக்கலயா உனக்கு? ஒண்டியா இருந்து ருசி கண்டுட்டியா?" சுற்றி இருந்தவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா என்று என்னை நானே கேட்டேன். நீங்கள் போனதிலிருந்து பல காரியங்களை நானே செய்யப் பழகிவிட்டேன். அதில் ஒரு பெருமையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் வரக்கூடாது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை எழுத வேண்டி வந்ததே எனக்கு வலிக்கிறது. நீங்களும் அப்படி நினைத்துவிட்டீர்களோ என்ற பயம்தான் எழுத வைக்கிறது.

நாளை மறுநாள் கமிட்டி கூடுகிறது. அன்று நான் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதம் அதற்குள் உங்கள் கைக்கு வராது என்று தெரியும். அதற்குள் நீங்கள் மறுபடி போன் செய்தால் எடுப்பேன். அதை மட்டும் நீங்கள் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அம்புஜம்


விருத்தாசலம்
ஆகஸ்ட் 31, ஞாயிறு

அன்புள்ள கயல் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து போன் இல்லை. கயலிடம் பேசுகிறீர்கள் என்று தெரியும். அவள் பேசி முடித்துவிட்டு, "அப்பா நல்லாருக்காராம்" என்று என்னிடம் சொல்கிறாள். நானும் சரி என்கிறேன். நடந்ததை நான் சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் சொல்வதுதான் உங்கள் மனதில் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

கமிட்டியில் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னேன். வேறு யாராவது பொறுப்பேற்றுப் போடுவதானால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் போடட்டும் என்றும் சொன்னேன். பச்சமுத்து மாமா, "ஒங்க வூட்டு யூனிட்டு நிக்குது, அதனால எங்களதும் நிக்கணுமா?" என்று கத்தினார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அறிவழகன்தான், "உக்காருங்க அண்ணி" என்றார். பிறகு, "நானும் இதுல கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சி. சொல்லத்தான் வாய் வரல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கம்பெனிக்கு அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினோம், கம்ப்யூட்டர் பதிவில் பிழை, மறுசோதனை நடக்கிறது, ஆய்வைத் தள்ளி வையுங்கள் என்று.

பெட்டியை மாற்றுவது அவ்வளவு பெரிய வேலையாக இல்லை. அதை நினைத்தால்தான் எரிச்சல். அதே பெட்டி, அதே டிஸ்க்குகள். பழையதை அழித்துவிட்டு என்.எஃப்.எஸ். முறையில் ஒரு பொது இடம் அமைத்தோம். பிரபாவே வந்து, கூடவே இருந்து முடித்துக் கொடுத்தார். இப்போது சூளையில் எழுதியது சோதனை அறையில் உடனே தெரிகிறது. காலையில் எதையும் அணைத்துப் போட வேண்டாம். வேகம் குறைந்திருப்பதாக அவர் அளந்து காட்டினார். நமக்கு அது தெரியக்கூட இல்லை. ஒரு வண்டி வெந்து வரும் நேரத்தில் எழுத வேண்டியதே சில எண்கள்தானே.

மறுசோதனைதான் பெரிய பாடு. உங்களுக்குத் தெரியாததா. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் எடுத்து, உடைத்து, சிவப்புச் சாயத்தில் அழுத்தத்தோடு ஊற வைத்து, கழுவிக் காயவைத்து, மறுபடி உடைத்துப் பார்க்க வேண்டும். சரியாக வேகாத பீங்கான் என்றால் உள்ளே சிவப்பு ஏறியிருக்கும். உடைப்பதற்கு ஆள் வேண்டும் என்றபோது யாரும் வரவில்லை. தாங்கள் செய்ததைத் தாங்களே உடைக்க யாருக்கு மனம் வரும்? கடைசியில் காசியம்மாள் வந்தாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எவ உடைச்சாலும் எங்கூட்டு சோறுதான் உடையுது, நானே உடைக்கிறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை கடைசித் தொகுப்பையும் பார்த்து முடித்தோம். எல்லாம் வெள்ளை. ஒரு துண்டில்கூடச் சிவப்பு ஏறவில்லை. 124 வெள்ளை. 131 வெள்ளை. நீங்கள் சொன்னபடியே. நம் சூளையில் வெந்தது வேகாமல் போகவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. ஒன்றிலாவது சிவப்பு இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு ஓடியது. இருந்திருந்தால் எல்லோரிடமும் காட்டியிருக்கலாம். காசியம்மாளிடம், பச்சமுத்து மாமாவிடம், உங்களிடம். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். சரக்கு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று, நான் சரி என்று ஆவதற்காக ஆசைப்பட்டிருக்கிறேன். துண்டுகளை நானே கூட்டி அள்ளினேன். காசியம்மாள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நல்லா வெந்திருக்குது" என்றாள். இப்போது நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வுக்காரர்கள் வரவில்லை. மறுசோதனை முடிவை அனுப்பியிருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது, வருகிறோம் என்று இல்லை. அதுவரை இரண்டாவது தவணைப் பேச்சே கிடையாது. நம் யூனிட் பற்றியும் யாரும் பேசவில்லை. எஸ்டேட்டில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். "நல்ல சரக்க வச்சிக்கிட்டு ஆர்டர விட்டவ" என்று சொல்வது காதில் விழுகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சரக்கு நன்றாக இருந்தது என்பது உடைத்துப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வரியை நான் எத்தனை பேரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு மறுபடி அதே தாளை நீட்டினாலும் நான் போடமாட்டேன். இதை உங்களிடம் மறைத்துவிட்டு நல்ல மனைவியாக இருக்க எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்றும், நீங்கள் கேட்டுக்கொண்டதால் இராத்திரி ஷிப்டில் வைத்திருக்கிறார்கள் என்றும் அறிவழகன் சொன்னார். அதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. யாரிடம் எப்படிக் கேட்டு நின்றிருப்பீர்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் உங்களிடம் நான் தலைகுனிகிறேன். மற்றதற்கு இல்லை.

கயல் இந்த மாதம் ஒரு பரிசு வாங்கினாள், கட்டுரைப் போட்டியில். உங்களிடம் சொன்னாளோ என்னவோ. சர்க்கரை அளவு பார்த்தேன், எனக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. பகலில் அந்த அறையில் உங்களால் தூங்க முடிகிறதா? ஜன்னலுக்குக் கனமாக ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு தருவார்கள் என்று கயல் சொன்னாள். வாருங்கள். யூனிட்டைத் திறப்பதற்காக வர வேண்டாம். ஆர்டருக்காக வர வேண்டாம். என்மேல் கோபம் இருந்தால் அது ஆறட்டும் என்று அங்கேயே காத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து கோபப்படுங்கள். நான் இடம்விட்டு நகரமாட்டேன்.

பழமலைநாதர் உங்கள் உடம்பைக் காக்கட்டும்.

என்றும் உங்கள்
அம்புஜவல்லி